காய்ச்சல் வராத ஊசி

புதிய முக்கூட்டு ஊசி மருந்து எங்கள் பகுதிக்கு வந்த இரண்டாவது மாதமே, அதைத் திருப்பி அனுப்பப் போவதாக மாவட்டச் சுகாதாரத்துக்குப் பொறுப்பான பெரிய டொக்டர் அறிவித்துவிட்டார். மருந்தின்மேல் அவர் சுமத்திய குற்றம் ஒன்றுதான்: அதைப் போட்டால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறது.

எழுபதுகளின் கடைசி அது. நான் இலங்கையின் கிழக்கே கிண்ணியாவில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தேன். சனங்களுக்கு நான் 'பி.எச்.ஐ. சேர்'. கிணறுகளுக்குக் குளோரின் போடுவது, இறைச்சிக் கடைகளைப் பார்ப்பது, கிளினிக் நாட்களில் குழந்தைகளுக்கு ஊசி போடுவது எல்லாம் என் வேலை. டிப்தீரியா என்னும் தொண்டைக்கரப்பன், கக்குவான் என்னும் குக்கல், டெட்டனஸ் என்னும் ஏற்புவலி மூன்றுக்கும் சேர்த்துப் போடுவதுதான் முக்கூட்டு ஊசி. இதில் தொல்லை தருவது பெரும்பாலும் குக்கலுக்கான பங்கு. இருமி இருமி மூச்சடைக்க வைக்கும் அந்த நோயின் கிருமியைக் கொன்று, முழுசாக மருந்தில் சேர்ப்பார்கள். கிருமி செத்திருந்தாலும் குழந்தையின் உடம்பு அதைச் சும்மா விடாது. தொடை வீங்கும், உடம்பு சுடும், பிள்ளை அழுது வீட்டை இரண்டாக்கும். பிறகு எல்லாம் தணிந்துவிடும்.

புதிய மருந்தில் இந்தப் பங்கைச் செய்யும் முறையைத் திருத்தியிருந்தார்கள். காய்ச்சல் குறைவு, வீக்கமும் குறைவு. வீடு வீடாகப் போன நானும் எங்கள் மருத்துவிச்சி நேசம் அக்காவும் அதைக் கண்ணாலேயே கண்டோம். அப்படியிருக்க நல்ல மருந்துக்கு ஏன் கெட்ட பெயர் வந்தது? அதை விளங்கிக்கொள்ள, பழைய மருந்துக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்திருந்த நற்பெயரை முதலில் சொல்ல வேண்டும்.

1. பூச்சியம்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாத அறிக்கையில் 'ஊசிக்குப் பின் விளைவுகள்' என்ற இடத்தில் காய்ச்சல் வந்த பிள்ளைகளை ஒழுங்காக எழுதி அனுப்பினேன். பெரிய டொக்டர் என்னைத் திருகோணமலையில் இருந்த தன் அலுவலகத்துக்கு, எங்கள் பேச்சில் கந்தோருக்கு, கூப்பிட்டார்.

பாதையில் ஏறிப் போனேன். அப்போது பாலம் இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் களப்பைக் கடக்கும் மிதவையைத்தான் எங்கள் பக்கம் பாதை என்போம். கந்தோரில் பெரிய டொக்டரின் மேசைக்கு முன்னால் ஒரு கதிரை இருந்தது. ஆனால் அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"நீர் என்ன எழுதியிருக்கிறீர்?"

"காய்ச்சல் வந்த பிள்ளைகளை எழுதினனான், சேர்."

"மற்றப் பகுதியெல்லாம் பூச்சியம். உம்மட பகுதியில மட்டும் காய்ச்சல். கொழும்பில என்ன நினைப்பாங்கள்? உமக்கு ஊசி குத்தத் தெரியாது எண்டு நினைப்பாங்கள்."

"உண்மையா வந்தது, சேர்."

"காய்ச்சல் எண்டால் என்ன? வருத்தம். ஊசி எதுக்கு? வருத்தத்தைத் தடுக்க. தடுக்கிற சாமான் வருத்தத்தைத் தருமோ? யோசியும்."

யோசித்தேன். யோசிப்பதற்காக என்னை அங்கே கூப்பிடவில்லை என்பது விளங்கியது. அடுத்த மாதத்திலிருந்து நான் காய்ச்சல் என்று எழுதி அனுப்பியது கந்தோரில் 'இளஞ்சூடு' ஆனது. பிறகு இளஞ்சூடு ஒரு விளைவே அல்ல என்று தீர்மானித்து, பூச்சியமாக மாற்றிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கடைசியில் கிளினிக் சுவரில் தொங்கவிட ஓர் அட்டையும் வந்தது. 'பிள்ளைக்கு ஊசி போடுங்கள். ஒன்றும் நடக்காது' என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஊசியால் ஒரு பயனும் இல்லை என்று சொல்ல விரும்புகிறவர் எழுதினாலும் இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

பெரிய டொக்டர் கெட்டவர் அல்ல. மழையிலும் ஜீப்பை எடுத்துக்கொண்டு தோப்பூர் வரைக்கும் போய் நோயாளிகளைப் பார்ப்பார். தாய்மார் பயந்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை. கொழும்பும் பயந்துவிடக் கூடாது என்று கூடுதலாகக் கவலைப்பட்டார், அவ்வளவுதான்.

இப்படியே சில வருடங்கள் போயின. எங்கள் அறிக்கைகளின்படி அந்தப் பழைய ஊசியைப் போல மென்மையான ஊசி உலகத்தில் எங்குமே இருந்திருக்காது. பிறகு புதிய மருந்து வந்தது. கூடவே, வீடு வீடாகப் போய்ப் பார்த்து, வரும் காய்ச்சலை ஒன்றும் விடாமல் எழுத வேண்டும் என்று கொழும்பிலிருந்து கண்டிப்பான கட்டளையும் வந்தது. எழுதினோம். பெரிய டொக்டர் பழைய அறிக்கைகளையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழையதற்குக் காய்ச்சல் பூச்சியம், புதியதற்குக் காய்ச்சல் உண்டு.

"நான் அப்பவே சொன்னனான். புதுச் சாமானை நம்ப ஏலாது" என்றார்.

2. தண்ணியோ மருந்தோ

திருப்பி அனுப்புவதற்கான காரணம் கொழும்புக்குப் போனது. காரணத்தைப் படித்தவர் பதில் எழுதவில்லை, நேரே வந்துவிட்டார். மெலிந்த, நரைத்த தமிழ் டொக்டர் அம்மா ஒருவர். பெரிய டொக்டரோடு பாதையில் வந்து இறங்கி, காலையிலேயே எங்கள் கிளினிக்கின் வாங்குப் பலகையில் தாய்மாரோடு உட்கார்ந்துகொண்டார். பெரிய டொக்டருக்கு அது பிடிக்கவில்லை. நேசம் அக்கா டொக்டர் அம்மாவுக்காகக் கொண்டுவந்து போட்ட நல்ல கதிரை பக்கத்தில் வெறுமையாகக் கிடந்தது.

"பழைய ஊசிக்கு ஒரு பிள்ளைக்கும் காய்ச்சல் வரேல்லையோ, டொக்டர்?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்டுக்கும் இல்லை."

"அப்ப ரெண்டில ஒண்டுதான் நடந்திருக்க வேணும். உங்கட ஆக்கள் காய்ச்சலை எழுதேல்லை. இல்லாட்டில் இவ்வளவு காலமும் பிள்ளைகளுக்குத் தண்ணியைத்தான் குத்தியிருக்கினம். எது எண்டு சொல்லுங்கோ, நான் அப்படியே எழுதுறன்."

பெரிய டொக்டர் சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கடைசியாக ஒரு மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தார்.

"இங்கத்தைய பிள்ளைகள் நல்ல உரமான பிள்ளைகள், டொக்டர். மீன் சாப்பாடு."

நேசம் அக்கா தொட்டிப் பக்கம் திரும்பிக் கையைக் கழுவத் தொடங்கினார். அதற்குச் சற்று முன்புதான் கழுவியிருந்தார்.

3. ரஹ்மத்தும்மா

அன்றைக்கு வாங்கின் ஓரத்தில் கைக்குழந்தையோடு ரஹ்மத்தும்மா இருந்தாள். கணவன் மீன்பிடிக்காரன். கிளினிக்கில் கொடுக்கும் பால்மாவுக்காக மட்டும் வருவாள். ஊசி என்றால் எழுந்து போய்விடுவாள். நான் பல தடவை அவளுடைய வீட்டு வாசலில் நின்று கெஞ்சியிருக்கிறேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாளே தவிர, காரணம் சொன்னதில்லை. அன்றைக்கு மீன் சாப்பாடு என்ற வார்த்தை அவளைச் சுட்டுவிட்டது. பெரிய டொக்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"பழைய ஊசிக்குக் காய்ச்சல் வரல்லயா, சேர்? எண்ட மூத்த புள்ளைக்குக் குத்தினீங்களே. ஒடம்பு அடுப்பாட்டம் கொதிச்சிச்சு. தொடையில கை வைக்க விடல்ல."

டொக்டர் அம்மா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "பிறகு மற்ற ஊசிகளுக்கு ஏன் வரேல்லை, பிள்ளை?"

"ஒண்டும் நடக்காது எண்டு சொல்லிக் குத்தினாங்க. நடந்திச்சு. பொய் சொன்ன ஆக்கள்ட கையில திரும்பவும் புள்ளயக் குடுக்க ஏலுமா?"

கைக்குழந்தை அவளுடைய முக்காட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"பொறகு மூத்தவளுக்குக் குக்கல் வந்திச்சு. கண்ணெல்லாம் செவந்து, மூச்செடுக்க ஏலாம இருமினா. அவ தப்பிட்டா. அவகிட்ட இருந்து தம்பிக்கு வந்திச்சு. பொறந்து ஒரு மாசம்தான். அவனுக்கு இருமக்கூடத் தெரியல்ல, சேர். நீலமாகி நீலமாகி மௌத்தாயிட்டான். காய்ச்சல் வரும், பொறகு போயிரும் எண்டு ஆராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் எல்லா ஊசிக்கும் அவளக் கொண்டு வந்திருப்பன்."

பெரிய டொக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"அப்படி ஒரு மரணச் சம்பவம் எங்கட பதிவில இல்லையே, அம்மா."

"எங்கட வீட்டில இருக்கு, சேர்" என்றாள் ரஹ்மத்தும்மா.

நான் பெரிய டொக்டரைப் பார்த்தேன். அவருடைய முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன், அது இல்லை. எழுந்து வெளியே போய் ஜீப் அருகே நின்றார்.

டொக்டர் அம்மா அட்டையைத் தன் கையாலேயே கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். ரஹ்மத்தும்மா கேட்டாள்: "இந்தப் புது ஊசிக்கும் காய்ச்சல் வருமா, டொக்டர்?"

"வரலாம். பழசை விடக் குறைவு. ஆனால் வராது எண்டு சொல்ல மாட்டன். சுட்டால் ஈரத்துணியால துடையுங்கோ, பால் குடுங்கோ. வலிப்பு வந்தாலோ, அழுகை நிக்காமல் பிள்ளை சோர்ந்தாலோ உடன இவரிட்ட ஓடி வாங்கோ."

அவள் என்னைப் பார்த்தாள். இவரிடம் ஓடி வரலாமா என்று அளப்பதுபோல நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு குழந்தையின் தொடையை விலக்கிக் காட்டினாள். நான் புதிய மருந்தை ஊசியில் ஏற்றிக் குத்தினேன்.

4. பின்விளைவுகள்

புதிய மருந்து எங்களிடமே இருந்தது. பெரிய டொக்டர் கொஞ்சக் காலத்துக்குப் பின் கொழும்புக்கு மாற்றலாகிப் போனார். மாற்றல் என்பது சரியான சொல் அல்ல, அது பதவி உயர்வு. புதிதாகச் சேரும் உத்தியோகத்தர்களுக்கு அறிக்கை எழுதும் முறையைக் கற்பிப்பது அங்கே அவருடைய பொறுப்பு. அவருக்கு அதில் நீண்ட அனுபவம் இருந்ததை மேலிடம் கவனித்திருக்க வேண்டும்.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மருந்தைத் திருத்துகிறவன் எங்கேயோ தூரத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் இருக்கிறான். தன் மருந்து எங்கே சுடுகிறது என்று அவனுக்கு உங்களைத் தவிர வேறு யாரும் சொல்லப் போவதில்லை. நீங்கள் பூச்சியம் எழுதினால், திருத்த ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்வான். தாய்க்கும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். வருவதை வரும் என்று சொல்லுங்கள்.

இதை நானும் அவ்வளவு துணிவோடு தொடங்கவில்லை. அட்டையைக் கழற்றிய பிறகு வந்த முதல் கிளினிக்கில், தாய்மார் முன் எழுந்து நின்று, "இந்த ஊசிக்குக் காய்ச்சல் வரலாம்" என்று உரக்கச் சொன்னேன். வாங்குகள் ஒரு நொடியில் வெறுமையாகிவிடும் என்று பயந்தேன். ஒருத்தியும் எழும்பவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு தாய் மட்டும் கையை உயர்த்தினாள்.

"எத்தின மணிக்கு வரும், சேர்? அதுக்குள்ள நான் சோறு கறி ஆக்கி முடிச்சிருவன்."