இரண்டாம் பக்கம், நாலாவது பாட்டு

ஒரு பாட்டுத் தட்டுக்காக வெர்னா புருஷனை விட்டுப் போனாள் என்று பேசுவதை முதலில் நிறுத்த வேண்டும். அடிலெய்டிலிருந்து சரக்கு ஏற்றி வரும் லாரிக்காரனோடு போய்விட்டாள் என்பது அதைவிடப் பெரிய அபத்தம். அந்த மனுஷன் அவள் போன ஜனவரி முழுக்க முதுகு பிடித்துப் படுக்கையில் கிடந்தான். தன் பூட்ஸையே மாட்டிக்கொள்ள முடியாதவன் அடுத்தவன் பெண்டாட்டியை எங்கே கூட்டிக்கொண்டு ஓடுவது?

"வெயில் மண்டைக்கு ஏறிருச்சு அவளுக்கு" என்று ஹில்டா ட்ரெம்பத் கறிக்கடை வரிசையில் நின்று சொன்னாளாம். ஹில்டா சொன்னால் ஆயிற்றா? வெர்னா பாஸ்கோவுக்குப் பைத்தியம் இல்லை. பொறாமை இருந்தது, அது நிஜம். அடிவயிற்றில் கங்கு வைத்த மாதிரி இருந்தது. ஆனால் அந்தக் கங்கை வைத்தது யார் என்று கேட்க வேண்டாமா?

கல்யாணத்துக்கு முன்பு வெர்னா ஆர்ஜென்ட் தெருப் பெரிய கடையில், இசைத்தட்டுப் பிரிவில் ஏழு வருஷம் நின்றவள். தட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தால் போதும், எந்தப் பாட்டை அதிகம் போட்டுக் கேட்டார்கள் என்று சொல்லிவிடுவாள். ஊசி அடிக்கடி போய்வந்த இடம் சாம்பல் பூத்திருக்கும். கெல்வின் சுரங்கத்தில் துளை போடுகிறவன். வெள்ளிக்கிழமைதோறும் வருவான், ஒரு தட்டு வாங்குவான், அதைப் பற்றி அவளோடு அரை மணி நேரம் சண்டை போடுவான். அந்தச் சண்டைதான் கல்யாணத்தில் முடிந்தது. கல்யாணமான பெண் வேலைக்குப் போக இந்த ஊரில் தொழிற்சங்கம் விடாது. அதே வாரம் அவள் கடையை விட்டாள். வேலை போயிற்று, தட்டுகள் மிஞ்சின.

அவளுடையதையும் அவனுடையதையும் நடைவழியில் ஒரே அலமாரியில் அடுக்கினார்கள். புழுதி ஏறாமல் இருக்கக் கதவுக்கடியில் ஈரச் சாக்கு. இடம் போதாது என்பதால் ஒரு வழக்கம் வந்தது. ஞாயிறு மதியம் ஆட்டுக்கறி சாப்பிட்டு முடித்ததும் பழைய தட்டு ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் கேட்பார்கள். பிறகு ஆளுக்கொரு தீர்ப்பு: இருக்கட்டும், அல்லது போகட்டும். இரண்டு பேரும் போகட்டும் என்றால்தான் அது வீட்டை விட்டுப் போகும்.

"இது எங்க ரெண்டு பேரோட கண்டுபிடிப்பு" என்று கெல்வின் மதுக்கடையில் பெருமை அடிப்பான். "இந்த ஊர்ல எவன்டா பொண்டாட்டியோட உக்காந்து இப்படிப் பாட்டுக் கேக்கறான்?"

வெர்னாவுக்குக் குழந்தை இல்லை, சம்பளம் இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெல்வின் ஒவ்வொரு தட்டைப் பற்றியும் கால் மணி நேரம் பேசுவான். டிரம்ஸ்காரன் தூங்கிவிட்டான், பாடுகிறவனுக்கு மூக்கடைப்பு, இப்படி. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஒரே சொல்தான். ஆணும் பெண்ணும் வெள்ளை வேலி மேல் உட்கார்ந்திருக்கும் படம் போட்ட அட்டை உறை. அதை எடுத்தாலே, ஊசி வைப்பதற்கு முன்பே, "போகட்டும்" என்பான். வெர்னா விடமாட்டாள். "ரெண்டு குரலும் தேன் மாதிரி இருக்கு. இருக்கட்டும்." பதினைந்து வருஷம் இதே கதை; ஊசி வைக்காமலே தட்டு அலமாரிக்குத் திரும்பும்.

அந்த ஜனவரியில் வெயில் நாற்பத்து நாலைத் தாண்டியது. அந்த வேலிப் பட அட்டையின் மூலையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி பசை காய்ந்து சுருண்டு விழுந்தது. கிழிசலுக்கு ஒட்டியது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கீழே கிழிசல் இல்லை. 'கெல், ஐரிஸ்' என்று மையில் எழுதியிருந்தது. அட்டையைத் திருப்பினாள். ஒவ்வொரு பாட்டுக்கும் நேராகப் பென்சிலில் இரண்டிரண்டு மதிப்பெண். ஒன்று அவனுடைய சாய்ந்த கையெழுத்து. மற்றது உருண்டை உருண்டையாக, பள்ளிக்கூடப் பெண்ணுடையது போல.

கெல்வின் கறி வெட்டிக்கொண்டிருந்தான்.

"ஐரிஸ்னா ரொட்டிக்கடை ஐரிஸா?"

"எந்த ஐரிஸ்?"

"ஊர்ல எத்தனை ஐரிஸ் இருக்காங்க, வரிசையா நிறுத்தட்டுமா?"

"அது உன்னைப் பாக்கறதுக்கு முன்னாடி, வெர்ன். அவளுக்கு இப்ப நாலு பிள்ளை, தாடையில மூணு மடிப்பு."

"மடிப்பை எல்லாம் எண்ணி வச்சிருக்கே."

"ரொட்டி வாங்கப் போனா கண்ணுல படுது."

"ரெண்டு பேரும் மார்க் போட்டிருக்கீங்களே, ஞாயித்துக்கிழமையா?"

அவன் கத்தியைத் துடைத்தான்.

"கேக்காத மாதிரி நடிக்காதே, கெல். இந்தப் பக்கம் உன் நல்ல காது."

"ஞாயித்துக்கிழமைதான். மத்த நாள் ஷிப்ட் இருக்கும்ல?"

வேறொருத்தியை அவன் விரும்பியிருந்தான் என்பது வெர்னாவுக்குப் பெரிதில்லை. தன்னுடையது என்று பதினைந்து வருஷம் காப்பாற்றிய ஞாயிறு, ஐரிஸ் போட்டுக் கழற்றிய சட்டையாகப் போயிற்றே!

அடுத்த நாளே ரொட்டிக்கடையை மாற்றினாள். முக்கால் மைல் நடந்து போய்க் கல் மாதிரி ரொட்டி வாங்கி வந்தாள். கெல்வின் அதையும் மென்று விழுங்கினான். அலமாரியின் முந்நூறு அட்டைகளையும் இறக்கி மூலை மூலையாகப் பார்த்தாள். வேறெதிலும் ஐரிஸ் இல்லை. அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. போகட்டும் போகட்டும் என்றவன் திருட்டுத்தனமாகவாவது ஒரு நாள் தூக்கி எறிந்திருக்கலாமே? எறியவில்லை. இருக்கட்டும் என்று சொல்லிக் காப்பாற்றிக் கொடுத்ததோ இவள்! அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தூக்கம் போயிற்று.

மூன்றாவது ஞாயிறு அவளே அந்தத் தட்டை எடுத்து வைத்தாள்.

"இன்னிக்கு இது. மத்ததை எல்லாம் எப்படிக் கேப்பியோ அப்படிக் கேளு. மட்டம்னா ஏன் மட்டம்னு சொல்லு. சொல்லிட்டா நானும் போகட்டும்னு சொல்லிடறேன். குப்பையில போட்டுட்டு இந்தப் பேச்சையே விட்டுடலாம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

முதல் பக்கம் ஓடியது. கெல்வின் பழைய கெல்வினாக ஆனான். "இந்த கிட்டார்க்காரனுக்குக் கையில ஆறாவது விரல் இருக்கு, அதுதான் எல்லாத்தையும் கெடுக்குது" என்றான். வெர்னா சிரித்துவிட்டாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம். எழுந்து போய்த் தட்டைத் திருப்பினாள். திருப்பும்போது ஜன்னல் வெளிச்சம் பட்டது. நாலாவது பாட்டு சாம்பலாக வெளுத்திருந்தது. தட்டை வைத்து ஊசியை இறக்கினாள்.

நாலாவது பாட்டு வந்ததும் கெல்வின் நல்ல காதைச் சாய்த்துக் கண்ணை மூடினான். துளைபோடும் எந்திரம் தின்ற காது அவனுக்கு. தான் முனகுவது தனக்கே கேட்காது. தேவாலயத்தில் கூடப் பக்கத்து வரிசை திரும்பிப் பார்க்கும். வீட்டில் எந்தப் பாட்டு ஓடினாலும் அதன் மேலே ஏறி உட்கார்ந்து முனகுவான். வெர்னா கூடச் சேர்ந்தால் அவள் குரலையும் மிதித்துக்கொண்டு போவான். இன்றைக்கு அப்படி இல்லை. ஆண் குரலுக்கும் அடியில், தாழ்வாக, மெத்தென்று ஒரு துணைக்குரல் பிடித்தான். பெண் தனியாகப் பாடும் இடம் வந்ததும் நிறுத்தினான். பக்கத்தில் யாரோ பாட விட்டுக் காத்திருப்பது போல முகத்தைக் கொஞ்சம் திருப்பினான். பெண் குரலின் வரி முடிந்ததும் சரியாகச் சேர்ந்துகொண்டான். மறுபடி நிறுத்தினான், மறுபடி இடம் விட்டான்.

வெர்னா கைகளை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை பார்த்தாள்.

ஊசி எழுந்தது. "இழுவை" என்றான் கெல்வின். "உயிரே இல்லை. போகட்டும். என்ன அப்படிப் பாக்கறே?"

"நீ பாடினே."

"நானா? வாயே திறக்கலையே!"

அவன் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பொய் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள், தட்டை உடைத்திருப்பாள், ராத்திரிச் சாப்பாடு வைத்திருப்பாள்.

எழுந்து உள்ளே போனாள். சின்னப் பெட்டியில் இரண்டு உடுப்பும், கடையில் நின்ற காலத்து நற்சான்றுக் கடிதமும் வைத்தாள். தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"இந்த வெயில்ல எங்கே கிளம்பிட்டே?"

"போர்ட் பிரிக்கு. அக்கா வீட்டுக்கு."

"எப்ப வருவே?"

"எனக்கு இடம் விட்டு நீ ஒரு பாட்டாவது பாடியிருக்கியா, கெல்?"

அவன் நல்ல காதை அவள் பக்கம் திருப்பினான். "என்ன சொன்னே?"

அவள் பெட்டியைத் தூக்கினாள். ஈரச் சாக்கைக் காலால் ஒதுக்கிக் கதவைத் திறந்தாள். படியிறங்கி, ஸ்டேஷன் இருக்கும் பக்கமாக நடந்தாள்.