வறுக்காத மண்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஈயக்கா என்று பெயர். பழ ஈக்களை வளர்ப்பது அவள் வேலை, பக்கத்து அறை விஞ்ஞானி மேடத்துக்கு அவற்றைக் கொல்வது வேலை. அதுவும் மருந்தடித்து அல்ல. மண்ணில் தானாக விளையும் பூஞ்சை எதுவாவது ஈயைக் கொல்லுமா என்று பார்ப்பார். கண்ட இடத்து மண்ணையெல்லாம் அள்ளி வந்து, பூஞ்சை பிரித்து, ஈக்கள்மேல் தூவித் தூவிப் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. ஈக்களோ ஈயக்காவின் கைராசியில் கொழுத்துக்கொண்டே போயின.

வளர்ப்பதும் லேசுப்பட்ட காரியமில்லை. புழுக்கள் கூடு கட்ட மண் வேண்டும். கட்டடத்துக்குப் பின்னால் கொய்யா மரத்தடி மண்ணைச் சலித்து, பெரிய வாணலியில் இரண்டு மணி நேரம் வறுத்து, ஆறவைத்துத்தான் தட்டில் கொட்ட வேண்டும். சாகடிக்கப் போகிற ஈக்கு நோய் வந்துவிடக் கூடாதாம்! நின்று கிளறியே அவளுக்கு முட்டி தேய்ந்தது. வீட்டுக்குப் போனால் அங்கேயும் அடுப்பு.

போன மாதம் அவள் கணவன் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான். மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கிடந்துவிட்டு நாலாம் நாள் வேலைக்கு வந்தாள். மண்ணைச் சலித்தாள். வாணலியைப் பார்த்தபோதே அழுகை வந்தது. ஒரே ஒரு தட்டுதானே என்று பச்சை மண்ணைக் கொட்டிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

அந்தத் தட்டில் பிறந்த ஈக்கள்தான் கடைசிப் பரிசோதனையில், எதுவும் தூவாமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கூண்டுக்குப் போயின. பூஞ்சை தூவிய கூண்டுகளில் ஈக்கள் ஜம்மென்று பறந்தன. தூவாத கூண்டில் கொத்துக்கொத்தாகச் செத்துக் கிடந்தன.

"எல்லாம் போச்சுக்கா," என்றார் மேடம். குரலில் கோபம்கூட இல்லை. "கூண்டைக் கழுவிடுங்க. இந்த ஆராய்ச்சிய இதோட மூடிடறேன். உங்கள விதைப் பிரிவுக்கு மாத்தச் சொல்லியிருக்கேன்."

கழுவிவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் விதைப் பிரிவும் கிடையாது; மண்ணை வறுக்காமல் தட்டில் கொட்டப் போன ஒருவனைப் போன வருஷம் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் சம்பளத்தை நம்பித்தான் கணவனின் மருந்து. மறுநாள் காலை குழாயைத் திறந்தவள் கூண்டுக்குள் ஒருமுறை பார்த்தாள். செத்த ஈ ஒவ்வொன்றின்மேலும் ராத்திரியோடு ராத்திரியாகப் பஞ்சுபோல வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பதினோரு வருஷத்தில் அவள் இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

குழாயை மூடினாள். கூண்டை அப்படியே தூக்கிப்போய் மேடத்தின் மேஜைமேல் வைத்தாள்.

"மேடம், இந்தத் தட்டு மண்ண நான் வறுக்கல. நிக்க முடியல."

மேடம் ஓர் ஈயை எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தார். வெகுநேரம் தலையைத் தூக்கவேயில்லை.

"எந்த மண்ணுக்கா இது?"

"பின்னாடி கொய்யா மரத்தடி மண்ணுதான். எப்பவும் எடுக்கறதுதானே."

"எப்பவுமேவா?"

அப்போதுதான் ஈயக்காவுக்கு உறைத்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு வருஷமா நீங்க தேடினத, தெனமும் நான்தான் வறுத்துக் கொன்னுட்டு இருந்தேனா மேடம்?"

"நான்தானேக்கா வறுக்கச் சொன்னேன்," என்றார் மேடம். பிறகு அந்த நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "மொதல்ல உக்காருங்க. இனிமே அந்த வாணலிய ஏத்த வேண்டாம்."