சாமைக் கொல்லையில் ஒரு ராஜா

எங்கள் சாமைக் கொல்லையில் தங்கக் காசு கிடைத்த வருஷம் சாமையே விளையவில்லை. ஏர் ஓட்டும்போது அது அப்பாவின் காலில் தட்டுப்பட்டது. ஒரு பக்கம் மூக்கு நீண்ட ஓர் ஆளின் முகம், தலையில் இலைக் கிரீடம். அவர் ரோமாபுரி ராஜா என்பது, வெகுகாலம் கழித்து அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் அதே முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்கு அவர் கூத்தில் வருகிற யாரோ ஒரு ராஜா.

ஒன்று இருந்தால் பானையே இருக்கும் என்றார் சித்தப்பா. மறுநாளே ஏரை அவிழ்த்துவிட்டு அப்பாவும் அவரும் கடப்பாரையை எடுத்தார்கள். விதைக்கிற மழை வந்தது, போனது. கொல்லை முழுக்கக் குழி. அம்மா மண் சுமந்தாள்; பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் சுமந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் கையைத் தூக்க யாருக்கும் தெம்பிருக்காது. பானை மட்டும் வரவில்லை.

"இன்னும் எத்தினி நாளிக்கு இந்த மண்ண கெளறுவீங்க? நாளைக்கு இன்னாத்த துன்றது?" என்று அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

அப்புறம் சந்தேகம் வந்தது. அப்பா பானையை எடுத்து ஒளித்துவிட்டதாகச் சித்தப்பா சொன்னார். கைகலப்பாகி, அப்பா பிடித்துத் தள்ளியதில் சித்தப்பா குழிக்குள் விழுந்து மண்டை உடைந்தது. அப்பாவே இறங்கித் தூக்கினார். துண்டால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள், "நகைக்கடையில காட்டிட்டு வர்றேன்" என்று காசை மடியில் செருகிக்கொண்டு கிளம்பியவர் என்னையும் கூட்டிப் போனார். மலையிலிருந்து இறங்க ஜீப், பிறகு பஸ். செங்கத்தில் நகைக்கடைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு போண்டா வாங்கிக் கொடுத்துவிட்டு அந்தக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்ததும், "போலாமாம்மா?" என்று என்னைக் கேட்டு எழுந்தார். திரும்பும்போது மலை வளைவில் ஜீப் தயங்கி ஏறிய இடத்தில், காசை எடுத்துப் பள்ளத்தில் வீசினார்.

வீட்டில் தலையில் கட்டோடு சித்தப்பா காத்திருந்தார்.

"பித்தளையாம்டா. வழியிலயே தூக்கிப் போட்டுட்டேன்" என்றார் அப்பா.

சித்தப்பா தலைக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "எப்டியோ போவட்டும். குழியெல்லாம் மூடணுமேண்ணா" என்றார்.

"காலையில ஆவட்டும்" என்று படுத்த அப்பா உடனே தூங்கிப்போனார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அத்தனை பெரிய கடைக்குள் நுழைய அப்பாவுக்குக் கூச்சம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அவர் மானத்தைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு, பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன்.