தண்ணீர் ஊற்றினால் ஏறுமா, இறங்குமா

இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுக அலுவலகத்தில் என்னோடு வேலைபார்த்த நண்பர் ஒருவர் ஜலதரங்கம் வாசிப்பார். பதினாறு பீங்கான் கோப்பைகளில் தண்ணீர் ஊற்றிச் சுருதி சேர்த்து, மூங்கிற் குச்சிகளால் விளிம்பில் தட்டுவது. குண்டு விழுந்தபோது அவற்றை வைக்கோலில் பொதிந்து கிளிவெட்டிக் கிராமத்துக்குக் கொண்டோடினார். திரும்பி வந்ததும் நான்தான் எண்ணினேன். முழுதாக இருந்தவை பதினைந்து. மேல்சுரம் பேசும் ஆகச் சிறிய கோப்பை உடைந்திருந்தது.

கோயில் நவராத்திரிக்கு வாசிக்க அவரை அந்த வருடம்தான் முதன்முதலாகக் கேட்டிருந்தார்கள். இந்தியாவிலிருந்து கோப்பை தருவிக்க வழியில்லை. கச்சேரியன்று காலை எனக்கு விடுப்புக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. உடைந்த கோப்பையின் சுரத்துக்கான சிறு ஊதுகுழலைத் தந்து, அதற்கு ஒத்த கோப்பை ஒன்று வாங்கிவர என்னைத் தேநீர்க்கடைக்கு அனுப்பினார்.

நான் ஊதுவேன், ஒரு கோப்பையைத் தட்டுவேன், மறுபடி ஊதுவேன். கடை முதலாளி ஐந்தாவது கோப்பை வரைதான் பொறுத்தார்.

"ஊதுறீங்கள், தட்டுறீங்கள். ஐயா தேத்தண்ணி குடிக்க வந்தனீங்களோ, பூசை செய்ய வந்தனீங்களோ?"

ஏழாவது கோப்பை குழலைவிடச் சற்று உயர்ந்து ஒலித்தது. பதினொன்றாவது சற்றுத் தாழ்ந்தது. பள்ளியில் போத்தலின் வாயில் ஊதிப் பார்த்து, தண்ணீர் கூடக் கூடச் சுருதி ஏறும் என்று கண்டவன் நான். ஆகவே ஏறுவதற்கு இடமுள்ள பதினொன்றாவதை வாங்கினேன். விட்டுவந்த ஏழாவது இன்றும் என் மனதை அரிக்கிறது.

விமானங்களுக்குப் பயந்து இரவில் விளக்கேற்றத் தடை இருந்ததால் கச்சேரி மாலை ஐந்துக்கு. நாலேகாலுக்கு நண்பர் வெறுங்கோப்பையைத் தட்டிப் பார்த்தார்.

"இது கீழ நிக்குது காணும்."

"தண்ணியை ஊத்தும், ஏறும்."

"ஊத்தினா இறங்குமெல்லோ! இனி ஏத்த ஏலாது."

நம்பாமல் ஒரு கரண்டி ஊற்றித் தட்டினேன். இறங்கியது.

"போத்தலிலை ஏறினதே?"

"போத்தலை நீர் ஊதினனீர். கோப்பையை நான் அடிக்கிறன்."

மறுபடி தட்டி, விளிம்பில் விரல் வைத்தேன். விரல் கூசியது, ஒலி நின்றது. அப்போதுதான் பிடிபட்டது. போத்தலில் பாடுவது தண்ணீருக்கு மேலுள்ள காற்று. தண்ணீர் ஏற அது குறுகும், சுருதி உயரும். கோப்பையில் பாடுவது சுவர். தண்ணீர் அதற்குச் சுமை, சுமை கூடினால் அதிர்வு மந்தமாகும்.

கடைக்கு ஓட நேரமில்லை. நண்பர் புதியதை வெறுமையாக வைத்து, மற்றவற்றில் தண்ணீர் கூட்டி அதற்கேற்ப இறக்கினார். பதினான்கு பணிந்தன. ஆகப் பெரியது ஏற்கெனவே விளிம்புவரை நிறைந்திருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, அந்தக் கீழ்ச்சுரம் வராத பாட்டுகளாக நாலு வாசித்தார்.

முடிந்ததும் தர்மகர்த்தா வந்து, "நாளைக்கும் வாங்கோ" என்றார்.

"ஓம், வாறன்" என்ற நண்பர் என் பக்கம் திரும்பினார். "நாளைக் காலமை கோப்பை வாங்க நானே போறன் காணும்."