மினிட் புத்தகத்தில் ஏறிய பேச்சு

எங்கள் நகரமன்ற எழுத்தரம்மாவுக்கு 'முற்றுப்புள்ளி' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். மன்றத் தலைவரான நானே பேசிக்கொண்டிருந்தாலும், நேரம் முடிந்தால் பேனாவை மூடிவிடுவார். ஒழுகும் ஜன்னலோரம் அவர் மேஜை. இருபத்திரண்டு வருடமாக, கூட்டத்தில் பேசுவதை எழுதிவைக்கும் மினிட் புத்தகம் மட்டும் நனைந்ததே இல்லை.

மருத்துவ நிலையத்தில் இரண்டு வருடமாக நர்ஸ் கிடையாது. நாங்களே நியமித்துக்கொள்கிறோம் என்று நான்கு முறை தீர்மானம் போட்டோம். 'மன்றத்துக்கு அதிகாரமில்லை' என்று நான்கும் தலைநகரிலிருந்து திரும்பி வந்தன. போன மழையில் எழுத்தரம்மாவின் தங்கைக்கு, தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டியிலேயே பிரசவமானது. குழந்தை தங்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான், அதிகாரப் பகிர்வை எங்களிடம் கற்றுக்கொள்ள வெளிநாட்டு அரசியல்வாதிகள் ஆறு பேர் வருவதாகத் தலைநகரிலிருந்து கடிதம் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வரவேற்பு விழா வைக்கலாம் என்றேன்.

"விழா வேணாம் தலைவரே. மன்றக் கூட்டமாவே கூட்டுங்க. மூணு நாள் முன்னாடி நோட்டீஸ் ஒட்டிடறேன்," என்றார் எழுத்தரம்மா.

"எதுக்கும்மா?"

"விழாவுல பேசினா காத்தோட போயிடும். கூட்டத்துல பேசினா புத்தகத்துல ஏறும்."

விருந்தினர்களோடு, எங்கள் தீர்மானங்களைத் திருப்பி அனுப்பிய தலைநகர் இயக்குநரும் கூட்டத்துக்கு வந்தார். காலையில் மருத்துவ நிலையத்தின் காலி நாற்காலியைப் பார்த்திருந்த ஒரு விருந்தினர், அங்கே ஆள் நியமிப்பது யார் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

இயக்குநர் நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் இந்த மன்றம்தான். நர்ஸ் போடுறது வரைக்கும் முழு அதிகாரத்தையும் இவங்ககிட்டயே கொடுத்துட்டோம்!"

ஆறு பேரும் கைதட்டினார்கள். எழுத்தரம்மா எழுந்து, எழுதியதை ஒரு சொல் விடாமல் வாசித்தார்.

"சரியா இருக்குங்களா சார்? இருந்தா ஒரு கையெழுத்து."

இயக்குநர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். எழுத்தரம்மா தன் பேனாவை நீட்டினார். விருந்தினர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இயக்குநர் வேறென்ன செய்வார்? போட்டார்.

நர்ஸ் வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த ஒரு பெண்ணுக்கு மறுநாளே நியமன உத்தரவு கொடுத்தோம். அடுத்த வாரம் எழுத்தரம்மாவின் தொலைபேசியில் இயக்குநர் போட்ட கூச்சல் என் அறை வரைக்கும் கேட்டது.

"ஏம்மா, அது வந்தவங்களுக்காகச் சொன்னது!"

"நாங்களும் கேட்டுட்டுத்தானே சார் இருந்தோம்," என்றார் எழுத்தரம்மா.