செல்லத்தின் முதல் கேள்வி

"யாரு பேசுறது? பேரச் சொல்லுங்க" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எதிர்வீட்டுச் செல்லம் போனில் சேதியை எடுப்பாள். அடுத்து அவள் கேட்பதை வைத்தே சேதி என்ன மாதிரி என்று நமக்குத் தெரிந்துவிடும். "சாப்பிட்டாச்சா?" என்றால் நல்ல சேதி; கல்யாணம், சடங்கு, வளைகாப்பு, பிள்ளைப்பேறு. "உக்காந்திருக்கீங்களா?" என்றால் சாவு.

லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தை மூடிய பிறகு, லயத்து வரிசை வீடுகளில் இருந்த எங்கள் ஜனம் செடெனாக், பெர்மாஸ் ஜெயா, சிங்கப்பூர் என்று ஊர் ஊராகச் சிதறிப் போனது. எந்த வீட்டில் என்ன நடந்தாலும் பெண்கள் முதலில் சொல்வது செல்லத்திடம். பகலெல்லாம் கம்பெனி கேண்டீனில் மீ நூடுல்ஸ் பிரட்டுகிறவள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே, எந்த வீட்டுக்கு எத்தனை நாள் தீட்டு, எந்த மாமன் முதல் சீர் வைக்கணும், எல்லாம் சொல்லிவிடுவாள். மெசேஜ் போட்டால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால், "எழுத்துல அழுகை தெரியாதுலா" என்பாள். சரிதான். எழுத்தே தெரியாமல் என்னைப் போல எத்தனை பேர் இருக்கிறோம்.

சாவுச் சேதியை வயிற்றுப்பிள்ளைக்காரி காதில் போடக் கூடாது. வீட்டுப் பெரியவளிடம்தான் சொல்ல வேண்டும். அது எங்கள் முறை. யார் சிரித்தாலும் மாற்றமில்லை. போன திங்கட்கிழமை எங்கள் பழைய லயத்துக் காளியப்பன் இறந்ததைச் சொல்ல, செடெனாக்கில் இருக்கும் அங்கம்மாவைச் செல்லம் கூப்பிட்டாள். கீழே அவளை ஏற்றிப்போக வந்த கம்பெனி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் "ம்" என்றதும், பேர் கேட்காமலே சொல்லிவிட்டாள். எடுத்தவள் அங்கம்மாவின் மருமகள் மலர். காளியப்பன் அவளுக்குச் சொந்தச் சித்தப்பா. எட்டாம் மாதம் அவளுக்கு.

மறுநாளே மலரை ரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தக் கொதிப்புதான் காரணம் என்றாராம் டாக்டர். செல்லம் நம்பவில்லை. நானும்தான். "என் வாயால வந்துச்சு பெரியம்மா" என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரையும் கூப்பிடவில்லை, வேலைக்கும் போகவில்லை. கருமாதி என்றைக்கு என்று கேட்க வந்த போனெல்லாம் அடித்து அடித்து ஓய்ந்தது.

நேற்று மத்தியானம் நான்தான் வற்புறுத்திச் சோறு போட்டு வைத்தேன். தொடவில்லை. அப்போது போன் அடித்தது. அங்கம்மா. செல்லம் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் எடுத்தாள். பேர் கேட்கவில்லை.

"சாப்பிட்டியாடி?" என்றது அந்தப் பக்கம், எனக்கும் கேட்கிற சத்தத்தில்.

செல்லம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே தட்டை இழுத்து, ஆறிப்போன சோற்றை ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.