ஷட்டருக்குள் நின்றுபோன என்னை வெளியே கொண்டுவந்தவர்

அன்பான சபையாரே, மைக்கைப் பார்த்தாலே ஓடிக்கொண்டிருந்த அதே ஸ்டெல்லாதான் பேசுகிறேன். இன்று என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாக எழுந்து வந்தேன்.

போன ஐப்பசியில், தட்டாஞ்சாவடியில் நான் வேலை செய்யும் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் தீப்பிடித்தது. அன்று விடாத மழை. அட்டை நனைந்தால் வீணாகிவிடும் என்று ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளே பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம். மெஷின் பக்கம் வயர் கருகிக் குப்பென்று பற்றியது. ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினால் சங்கிலி சிக்கிக்கொண்டது. வேறு வாசல் கிடையாது. புகையில் பக்கத்தில் நிற்பவள் முகம்கூடத் தெரியவில்லை. என்னோடு வேலை செய்யும் நூர்ஜஹான் அக்காவின் கையை மட்டும் கெட்டியாகப் பிடித்திருந்தேன். பக்கத்து லேத் பட்டறை ஆட்கள் வெளியிலிருந்து கடப்பாரை போட்டு நெம்பினார்கள். அந்த இடுக்கு வழியாக எல்லாரும் தவழ்ந்து வந்தோம். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

அடுத்த ஞாயிறே என்னை மேடையில் ஏற்றினீர்கள். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். உயிர் தப்பியவர் உடனே சாட்சி சொல்ல வேண்டும் என்பது நம் வழக்கம். நானும் சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள், அழுதீர்கள், துதித்தீர்கள். வீட்டுக்கு வந்து நான் வாந்தி எடுத்தேன்.

பிறகு லாஸ்பேட்டை ஜெபக் கூட்டம், வில்லியனூர் ஜெபக் கூட்டம் என்று அழைப்பு வந்துகொண்டே இருந்தது. போகிற இடமெல்லாம், "அந்தப் புகை வந்துதே, அதச் சொல்லுங்க அக்கா" என்பார்கள். சொல்லச் சொல்ல மூக்கில் அட்டை கருகும் வாடை ஏறும். சொல்ல மாட்டேன் என்றால் ஆண்டவரை மறுதலித்ததாகிவிடுமே என்று பயந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

நாங்கள் இருப்பது நெல்லித்தோப்பில், கடைகளுக்கு மேல் மாடியில். காலையில் கீழே ஒவ்வொரு ஷட்டராகத் தடதடவென்று தூக்குவார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் நான் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். கதவைச் சாத்திக் குளிக்க முடியாது. ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர் சேவியர் பாத்ரூம் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நிற்பார். "வாட்ச்மேன் வேலைக்கு யூனிஃபார்ம் வாங்கிக் குடு" என்று கேலி செய்வார். ஆனால் அவர் குரலும் உடைந்திருக்கும்.

வேலைக்குப் போவது நின்றது. பிறகு சபைக்கு வருவதும் நின்றது. சிலர் ஆவி பிடித்திருக்கிறது என்றார்கள். சிலர் விசுவாசம் போதாது என்றார்கள். "யாரும் சாவலையே, அப்பறம் இன்னாத்துக்கு அழுவுற?" என்று என் நாத்தனாரே கேட்டாள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று நானே நம்பினேன். அன்றைக்கே செத்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன். ஒரு மத்தியானம் முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை. "அப்பா, எனக்கு வாயே வரல. நீயே பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் படியேறி வந்தவர் நூர்ஜஹான் அக்கா. அவருக்கும் தூக்கமில்லையாம். கேஸ் அடுப்பைப் பற்றவைக்க முடியவில்லையாம். அரசு ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி மனப் பயத்துக்கு வைத்தியம் பார்க்கவென்றே ஒரு மேடம் இருக்கிறார் என்றார். "நான் அல்லாவக் கேட்டேன், நீ ஏசுவக் கேட்ட. கேட்டது போதும், வா, போய்ப் பாப்போம்" என்று என் செருப்பை எடுத்து முன்னால் போட்டார்.

அந்த மேடம் பெயர் வித்யா. நான் உட்கார்ந்ததும் வழக்கம்போல, "மேடம், அன்னிக்கு மழை…" என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னைக்கு அது வேணாம்மா. கால நல்லாத் தரையில ஊணுங்க. இந்த ரூம்ல இன்னா தெரியுது, அத மட்டும் சொல்லுங்க."

"சுவத்துல ஒரு பல்லி தெரியுது."

"சரி, பல்லியப் பாத்துக்கிட்டே மெதுவா மூச்சு விடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தீ விபத்துக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான். சொல்ல வேண்டாம் என்று ஒருவர் சொன்னதே எனக்குப் பாதி மருந்து.

இது பைத்தியம் இல்லை, பாவமும் இல்லை, ஆபத்து முடிந்தது உடம்புக்கு இன்னும் தெரியவில்லை என்று அவர் விளக்கினார். வாரா வாரம் போனோம். எங்கே ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது என்பதை என்னிடமே விட்டார். அப்போதுதான் ஒன்று புரிந்தது. எல்லாரும் கேட்டதால் நான் புகையோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். வெளியே வந்த பிறகு முகத்தில் அடித்த மழையை, லேத் பட்டறைக்காரர் கையில் கொடுத்த டீயை ஒருநாளும் சொன்னதில்லை. அங்கிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அந்த டீயின் சூட்டைச் சொன்னபோது குலுங்கிக் குலுங்கி அழுதேன். அன்று வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

பாஸ்டர் ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "புண்ணு ஆறுறதுக்கு முன்னாடி கட்டப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துட்டோம்மா. மன்னிச்சுக்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன்.

எங்களைப் போலவே கம்பெனியில் மற்றவர்களும் தவிக்கிறார்கள் என்று மேடத்திடம் சொன்னோம். அவர் கம்பெனிக்கே வந்தார். முற்றத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தோம். கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண்களும் சொன்னார்கள், தங்களுக்கும் அதே பயம்தான் என்று. முதலாளிகூட அழுதார். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்து வீட்டுக்குள் ஒளிந்திருந்தோம். இரண்டாவது வாசல் வைக்காமல் உள்ளே வரமாட்டோம் என்று நாங்கள் சேர்ந்தே சொன்னோம். முதலாளி பின்சுவரை உடைத்துக் கதவு வைத்தார்.

உயிர்த்தெழுந்த திருநாள் முடிந்த வாரம், நானும் நூர்ஜஹான் அக்காவும் உள்ளே நின்று எங்கள் கையாலேயே ஷட்டரை இறக்கினோம். காலை நன்றாகத் தரையில் ஊன்றினேன். மூச்சு விட்டேன். பிறகு சங்கிலியை இழுத்தேன். ஷட்டர் ஏறியது, வெயில் உள்ளே வந்தது. "ஸ்தோத்திரம்" என்று நான் கத்த, "அல்ஹம்துலில்லாஹ்" என்று அவர் கத்த, மற்ற பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஜெயம் என்றால் அதுதான் ஜெயம்.

இப்போது கதவைச் சாத்திக் குளிக்கிறேன். வேலைக்குப் போகிறேன். சில நாள் இன்னும் அந்தப் பயம் வரும், கொஞ்சம் நிற்கும், போய்விடும். என் தேவன் என்னைக் கைவிடவில்லை. நூர்ஜஹான் அக்காவையும் அந்த மேடத்தையும் அனுப்பி என்னைத் தூக்கிவிட்டார்.

நம் சபையில் அடிபட்டு வருகிறவர்களை இப்போது யாரும் உடனே மேடைக்கு அழைப்பதில்லை. இங்கேயும் இன்று வாய் வராமல் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். என் ஆண்டவர் வார்த்தையே இல்லாத ஜெபத்தைக் கேட்டவர், அவரை நம்பலாம். நான் கடைசி வரிசையில்தான் உட்காருவேன், கூட்டம் முடிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நான் எதுவும் கேட்க மாட்டேன்.